அமெரிக்க நாளிதழ்கள் மத வலதுசாரிகளை மோசமாகக் காட்டுகின்றனவா, அதிக இடம் கொடுக்கின்றனவா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அமெரிக்க நாளிதழ்கள் தன்பாலீர்ப்பாளர் உரிமை பற்றி எழுதும்போது மத வலதுசாரிகளை, அதாவது அரசியலில் இறங்கிய பழமைவாதக் கிறிஸ்தவர்களை, வேண்டுமென்றே மோசமாகக் காட்டுகின்றனவா, இல்லை அவர்களுக்குப் பயந்து தேவைக்கு மேல் இடம் கொடுக்கின்றனவா? இரண்டுக்கும் ஆய்வு முடிவுகள் கிடைக்கின்றன, ஆய்வேட்டில் எதை நம்பி எழுதுவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். பார்த்தால் சாய்வு பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு பத்திரிகை நியாயமாக நடந்துகொள்கிறதா என்பதை எதை வைத்து அளப்பது என்றுதான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன். செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் காப்பியையும் பெரிய அமெரிக்கப் பத்திரிகைகளையும் வரி வரியாகப் படித்துச் சுருக்குவதுதான் வேலை. அமெரிக்காவில் வாழ்ந்ததில்லை, அங்குள்ள சபைகளின் வாழ்க்கை அச்சில் வந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் இரண்டுமே நடந்தது, இரண்டும் ஒரே பழக்கத்திலிருந்து வந்தது. தன்பாலீர்ப்பாளர் பற்றி ஒரு செய்தி என்றால் எதிர்த்தரப்பாக ஒருவரைப் பேசவைத்தே ஆகவேண்டும், அந்த ஒருவர் பெரும்பாலும் தொலைக்காட்சியில் வரும் ஒரு போதகராகவோ அவருடைய அமைப்பின் செய்தித்தொடர்பாளராகவோ இருப்பார். இந்த ஏற்பாட்டில் தன்பாலீர்ப்பாளர்களுக்குத் தங்கள் வாழ்க்கையையே ஒவ்வொரு முறையும் விவாதப் பொருளாக வைக்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் கோடிக்கணக்கான விசுவாசிகள் நான்கைந்து உரத்த குரல்களாகச் சுருங்கிப்போனார்கள். எந்தப் பக்கம் சாய்வு என்று மட்டும் தேடினால் இந்த இரண்டு இழப்புகளில் ஒன்றுதான் கண்ணில் படும்.

எழுபதுகளின் நடுப்பகுதிவரை எதிர்த்தரப்பு என்ற பேச்சே பெரிதாக இல்லை, ஏனென்றால் முதல் தரப்புக்கே பேச இடமில்லை. 1950 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் போட்ட ஒரு தலைப்பு, வக்கிரக்காரர்களால் அரசுக்கு ஆபத்து என்ற பொருளில் இருந்தது. 1969-ல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்து கலவரம் வெடித்தபோது அதே பத்திரிகை நான்கு போலீஸ்காரர்களுக்குக் காயம் என்று உள்பக்கத்தில் சிறிதாகப் போட்டது. நியூயார்க் டெய்லி நியூஸ் தலைப்பிலேயே அவர்களைக் கேலி செய்தது. மதுக்கூடச் சோதனைகளில் பிடிபட்டவர்களின் பெயர்களை அச்சிடுவது பல ஊர்ப் பத்திரிகைகளில் சாதாரண வழக்கம், அதனால் வேலை போனவர்கள் எத்தனையோ பேர். இதையெல்லாம் செய்தவை மதப் பத்திரிகைகள் இல்லை, மதச்சார்பற்ற பொதுப் பத்திரிகைகள். வெறுப்பு முழுவதும் மத வலதுசாரிகளிடமிருந்து வந்தது என்று பின்னாளில் பத்திரிகைகள் எழுதியபோது தங்கள் பழைய பக்கங்களை அவை வசதியாகப் புரட்டிப் பார்க்கவில்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம்.

இரண்டு தரப்பு என்ற அமைப்பு 1977-ல் உருவானதாக வைத்துக்கொள்ளலாம். புளோரிடாவில் மியாமி இருக்கும் டேட் கவுன்ட்டி அந்த ஜனவரியில் வேலை, வீடு போன்றவற்றில் தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தது. பாடகியும் ஆரஞ்சுச் சாறு விளம்பரங்களில் நாடறிந்த முகமுமான அனிதா பிரையன்ட் அதை எதிர்த்து, குழந்தைகளைக் காப்பாற்றுவோம் என்ற பெயரில் இயக்கம் தொடங்கினார். ஜூன் 7-ல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் விதியை ரத்து செய்ய வாக்களித்தார்கள். ஓர் உள்ளூர் விதி நாடு முழுக்கச் செய்தியானது அவரால்தான். அவர் பிரபலம், அவர் சொல்வதெல்லாம் மேற்கோள் போட வசதியானது. ஆனால் அவருக்கு எதிரே நின்ற தன்பாலீர்ப்பாளர்களுக்கும் அந்தச் செய்திகளால் முதல்முறையாக நாடு தழுவிய மேடை கிடைத்தது, பல ஊர்களில் அமைப்புகள் தோன்றின. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவில் தன்பாலீர்ப்பாளர்கள் ஆசிரியர்களாக இருக்கக்கூடாது என்ற பிரிக்ஸ் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது, அது 58 சதவீத எதிர்ப்பில் தோற்றது. அதை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதியவர்களில் ரொனால்ட் ரீகனும் ஒருவர். லாஸ் ஏஞ்சலஸ் ஹெரால்ட் எக்ஸாமினரில், இது தட்டம்மை மாதிரி ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று எழுதினார். வலதுசாரி என்றாலே எதிர்ப்பு என்று எழுதிப் பழகியவர்கள் இந்தக் கட்டுரையை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

1979-ல் தொலைக்காட்சிப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் மாரல் மெஜாரிட்டி என்ற மத வலதுசாரி அமைப்பைத் தொடங்கியதும் நிருபர்களுக்கு வேலை எளிதாகிவிட்டது. ஒரு தொலைபேசி எண், எந்த நேரமும் பேசத் தயாரான ஒருவர், கூர்மையான ஒரு வாக்கியம். டெட்லைனுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது இந்த மூன்றும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலகட்டத்தில்தான் எய்ட்ஸ் வந்தது. நியூயார்க் டைம்ஸ் 1981 ஜூலை 3-ல் 41 தன்பாலீர்ப்பாளர்களுக்கு அரிய புற்றுநோய் என்று உள்பக்கத்தில் போட்டது, இந்த நோய் அதன் முதல் பக்கத்துக்கு வர 1983 மே ஆனது. அதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்துவிட்டார்கள். மருத்துவச் செய்தியாகவே முதலிலிருந்து நிற்கவேண்டிய ஒன்றுக்குள் இது கடவுளின் தண்டனையா என்ற வாதமும் ஒரு தரப்பாக வந்து உட்கார்ந்தது. நோயாளி ஒரு பக்கம், தண்டனை என்கிற போதகர் இன்னொரு பக்கம் என்று வைத்துவிட்டு அதைச் சமநிலை என்று சொல்ல முடியாது. இங்கே நான் நடுநிலையாக இருக்கப்போவதில்லை, அது தவறான பத்திரிகைத் தொழில்.

1992-ல் கொலராடோ மாநிலம் தன் மாநில அரசியலமைப்புக்கு இரண்டாவது திருத்தம் என்று பெயரிட்ட ஒரு திருத்தத்தை வாக்கெடுப்பில் 53 சதவீத ஆதரவில் நிறைவேற்றியது. டென்வர், போல்டர், ஆஸ்பென் நகரங்களில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஏற்கெனவே இருந்த பாதுகாப்பு விதிகளை அது செல்லாததாக்கியது. பிரசாரக்காரர்கள் அதைச் சிறப்புச் சலுகைக்கு எதிரான திருத்தம் என்றார்கள். அந்தச் சொல்லைப் பிரசாரத்தின் சொல்லாக அடையாளம் காட்டாமல் செய்தியின் சொந்தச் சொல்லாகவே எடுத்துக்கொண்ட பத்திரிகைகள் உண்டு. 1996-ல் ரோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் திருத்தத்தை ரத்து செய்தபோது, அது பறிக்கும் பாதுகாப்புகளில் சிறப்பு என்று எதுவும் இல்லை என நீதிபதி கென்னடி எழுதினார். வேலையிலிருந்து நீக்காதே, வீட்டை விட்டுத் துரத்தாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் இருக்கிற பாதுகாப்புதான் என்பதை ஒரு நிருபர் நான்கு வருடம் முன்பே விசாரித்து எழுதியிருக்க முடியும். வாக்காளருக்கு அது வாக்களிக்கும் முன்பு தேவைப்பட்ட தகவல்.

மறுபக்கத்துக்கும் இதே அளவு கனமான உதாரணம் உண்டு. 1993 பிப்ரவரி 1 அன்று வாஷிங்டன் போஸ்ட் தன் முதல் பக்கச் செய்தியில், ராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்களை அனுமதிக்கும் கிளின்டனின் திட்டத்துக்கு எதிராகத் தொலைபேசியில் குவிந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, ஃபால்வெல், பாட் ராபர்ட்சன் போன்ற தொலைக்காட்சிப் போதகர்களைப் பின்பற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள், படிக்காதவர்கள், எளிதில் ஏவக்கூடியவர்கள் என்று எழுதியது. இன்னார் சொன்னார் என்று கூட இல்லை, செய்தியின் சொந்தக் குரலில். மறுநாளே அந்த வரிக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று திருத்தம் போட்டார்கள். கோபப்பட்ட வாசகர்கள் தங்கள் பட்டங்களையும் வருமானத்தையும் குறிப்பிட்டுப் போன் செய்தார்கள். நிருபரைக் குறை சொல்வது எளிது. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, அந்த வரி ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் மேசையைத் தாண்டி எப்படி அச்சுக்குப் போனது என்பது. அந்த அறையில் யாருக்கும் அது புருவத்தை உயர்த்தவேண்டிய வாக்கியமாகத் தோன்றவில்லை. அந்தப் போதகர்களைப் பின்பற்றுகிறவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை, அல்லது இருந்தும் வாய் திறக்கவில்லை. சாய்வு என்று சொன்னால் இந்த அர்த்தத்தில் சொல்லலாம். அது திட்டமிட்ட சதியாக இருக்க அவசியமில்லை, பக்கத்து நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பதே போதும்.

1998 கோடையில் கதை வேறு திசையில் போனது. 15 கிறிஸ்தவ வலதுசாரி அமைப்புகள் சேர்ந்து நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், யூஎஸ்ஏ டுடே ஆகியவற்றில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்தன, தன்பாலீர்ப்பிலிருந்து ஒருவர் மாறிவிடலாம் என்பதற்குச் சாட்சியாக மாறியவர்களை முன்னிறுத்தி. விளம்பரம் என்பதால் செய்தி ஆசிரியர்களுக்குப் பொறுப்பில்லைதான். ஆனால் விளம்பரம் செய்தியை இழுத்துவந்தது. ஆகஸ்டில் நியூஸ்வீக் அட்டையில் அப்படி மாறியதாகச் சொன்ன ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1973-லேயே நீக்கியிருந்தது, அதே 1998 டிசம்பரில் மாற்றும் சிகிச்சையையும் எதிர்த்தது. அப்படியிருக்க, மாற முடியுமா முடியாதா என்று அதை ஒரு திறந்த கேள்வியாக வைத்த கட்டுரைகள் வாசகர்களை மோசமாகக் கைவிட்டன. 2013-ல் அந்தக் கணவர் தான் சொன்னதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார், இந்த மாற்றத்தைப் பரப்பிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் அமைப்பும் அதே வருடம் மன்னிப்புக் கேட்டு மூடப்பட்டது. மன்னிப்புகள் செய்தியானது உண்மை. ஆனால் இடையில் போன அந்தப் பதினைந்து வருடத்தில் எத்தனை பிள்ளைகளை அந்த அட்டையைக் காட்டிப் பெற்றோர் சிகிச்சைக்குக் கூட்டிப்போயிருப்பார்கள் என்பது எந்தப் பத்திரிகையின் கணக்கிலும் ஏறவில்லை.

எது செய்தியாகிறது என்பதற்கு 1999 நல்ல வருடம். பிப்ரவரியில் ஃபால்வெல்லின் பத்திரிகை, டெலிடபீஸ் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் ஊதாப் பொம்மையைப் பற்றிப் பெற்றோரை எச்சரித்தது. உலகம் முழுக்க அச்சானது, தமிழ்ப் பத்திரிகைகள் வரை வந்து சேர்கிற வகைச் செய்தி அது. அதே வருடம் அக்டோபரில் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்கில் ஃபால்வெல் தன் ஊரிலேயே சுமார் 200 தன்பாலீர்ப்பாளக் கிறிஸ்தவர்களையும் அவர்களுடைய ஆதரவாளர்களையும் சந்தித்துப் பேசினார். அவர்களை அழைத்துவந்த மெல் வைட் ஒரு காலத்தில் ஃபால்வெல்லின் சுயசரிதையை அவர் பெயரில் எழுதிக்கொடுத்தவர், பின்னாளில் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தவர். கொள்கை மாறவில்லை, ஆனால் வன்முறையைத் தூண்டும் பேச்சைக் குறைக்கவேண்டும் என்று இரு தரப்பும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து பேசியது. இதற்கும் செய்தியாளர்கள் போனார்கள், எழுதினார்கள். ஆனால் இன்று யாரைக் கேட்டாலும் பொம்மை ஞாபகம் இருக்கும், லிஞ்ச்பர்க் இருக்காது. இதேபோலத்தான் கன்சாஸின் டொபேகாவில் ஃபிரெட் ஃபெல்ப்ஸ் நடத்திய வெஸ்ட்பரோ சபையும். பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர், நூறு பேர்கூடத் தேறாத கூட்டம், இறுதிச் சடங்குகளில் பதாகையோடு நிற்பார்கள். மத வலதுசாரிகளே அவரை ஒதுக்கினார்கள். ஆனால் படம் எடுக்க அந்தப் பதாகை கிடைத்தால் போதும் என்று வருடக்கணக்கில் அந்தச் சபை ஒரு பெரிய சக்தி மாதிரி அச்சில் இருந்தது.

2004 தேர்தலில் நடந்ததையும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் இதில் பத்திரிகைகள் பயந்தது வெளிப்படையாகத் தெரிந்தது. நவம்பர் 2 அன்று 11 மாநிலங்கள் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை விதித்தன, புஷ் ஜெயித்தார். எக்ஸிட் போலில் ஒரு கேள்விக்கு 22 சதவீதம் பேர் ஒழுக்க விழுமியங்கள்தான் தங்களுக்கு முக்கியம் என்றார்கள், பட்டியலில் அது முதலிடம். உடனே மத வாக்காளர்கள்தான் தேர்தலைத் தீர்மானித்தார்கள் என்று வாரக்கணக்கில் கட்டுரைகள். அதே பட்டியலில் பயங்கரவாதம் 19, ஈராக் 15. இரண்டையும் போர் என்று ஒரே பெயரில் கேட்டிருந்தால் 34 ஆகி முதலிடத்துக்கு வந்திருக்கும். கேள்வியை வகுத்தவர் ஏற்படுத்திய முதலிடம் அது. ஒழுக்க விழுமியம் என்றதும் ஒவ்வொருவரும் எதை நினைத்து டிக் செய்தார்கள் என்பதும் தெரியாது. முன்பு ஏளனமாக எழுதிய அதே செய்தி அறைகள் இப்போது நாட்டைப் புரிந்துகொள்ளத் தவறிவிட்டோம் என்ற குற்றவுணர்ச்சியில் எதிர்ப்பக்கம் ஓடின. இரண்டிலும் சபைக்குப் போகிற ஒரு சாதாரண மனிதரை உட்காரவைத்துக் கேட்கிற வேலை குறைவாகவே நடந்தது.

அதே வருடம் ஜூலையில் நியூயார்க் டைம்ஸின் பொது ஆசிரியராக, அதாவது வாசகர் சார்பில் பத்திரிகையை விமர்சிப்பவராக, இருந்த டேனியல் ஓக்ரென்ட், இது தாராளவாதப் பத்திரிகையா என்று கேட்டு, ஆமாம் என்று தானே பதிலும் எழுதினார். அதில் அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டது தன்பாலினத் திருமணச் செய்திகளைத்தான். திருமணம் செய்தவர்களின் மகிழ்ச்சி நிறைய வருகிறது, சங்கடமான கேள்விகள் வருவதில்லை என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரையை எல்லா வலதுசாரிகளும் மேற்கோள் காட்டுவார்கள், நீங்கள் முழுக்கப் படியுங்கள், அவர் சொல்வது நகரத்தின் பார்வை பற்றி, பொய் எழுதுவது பற்றி இல்லை. அதே 2004 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிள், நகரசபையில் திருமணம் செய்துகொண்ட தன் நிருபரையும் அவருடைய இணையரான புகைப்படக்காரரையும் திருமணச் செய்திகளிலிருந்து விலக்கியது. இதில் நான் இரண்டு பக்க நியாயத்தையும் பார்க்கிறேன், இன்றுவரை ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. திருமணமான ஆண் நிருபர் விவாகரத்துச் சட்டம் பற்றி எழுதலாம், சபைக்குப் போகும் நிருபர் சபை பற்றி எழுதலாம் என்றால் இவர்களை மட்டும் ஏன் விலக்கவேண்டும்? ஆனால் வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது, தன் திருமணமே செல்லுமா என்பது அந்தத் தீர்ப்பில் தொங்கும்போது, அது வேறு நிலைதானே என்றும் தோன்றுகிறது.

சரி, உங்களைக் குழப்பிய ஆய்வுகளுக்கு வருவோம். 2013-ல் பியூ ஆய்வு மையம், தன்பாலினத் திருமணம் பற்றிய உச்ச நீதிமன்ற விசாரணையை ஒட்டிய இரண்டு மாதங்களில் அந்தத் திருமணம் பற்றி வந்த ஏறத்தாழ 500 செய்திகளை எடுத்து எண்ணியது. ஆதரவுக் கூற்றுகள் மேலோங்கியவை 47 சதவீதம், எதிர்ப்பு மேலோங்கியவை 9 சதவீதம், மீதி கலப்பு அல்லது நடுநிலை. 2007-ல் மீடியா மேட்டர்ஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு, பழமைவாத மதத் தலைவர்கள் முற்போக்கு மதத் தலைவர்களைவிட 2.8 மடங்கு அதிகமாகச் செய்திகளில் வருகிறார்கள் என்று காட்டியது. இந்த அமைப்பு வெளிப்படையாகவே இடதுபக்கம் நிற்பது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டும் மோதவில்லை. ஒன்று திருமணம் பற்றிய கூற்றுகளை எண்ணியது, இன்னொன்று மதத்தின் சார்பில் யார் பேசுகிறார் என்று எண்ணியது. சேர்த்து வைத்தால் ஒரே படம் கிடைக்கும்: ஆதரவு மதச்சார்பற்றவர்களின் குரலில் வருகிறது, மதம் என்றால் எதிர்ப்பு மட்டும் வருகிறது. ட்ராய் பெர்ரி லாஸ் ஏஞ்சலஸில் 1968-ல் தன்பாலீர்ப்பாளர்களுக்காகத் தொடங்கிய மெட்ரோபாலிடன் கம்யூனிட்டி சபை, 2005-ல் தன்பாலினத் திருமணத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்ட யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட், இவர்களெல்லாம் எந்தப் பெட்டியிலும் அடங்காமல் வெளியே நிற்கிறார்கள்.

இதில் எது உறுதி, எது சந்தேகம்? தலைப்புகளும் திருத்தங்களும் விளம்பரங்களும் அச்சில் இருக்கின்றன, அவை உறுதி. யாருக்கு எத்தனை மேற்கோள் என்ற எண்ணிக்கை, எண்ணிய விதத்தைச் சேர்த்துச் சொன்னால் உறுதி. ஆனால் பத்திரிகைகள் மக்கள் கருத்தை மாற்றின என்பது பெரிய பாய்ச்சல். காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவு 1996-ல் 27 சதவீதம், 2015-ல் 60, 2021-ல் 70. இந்த மாற்றத்தில் தங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ ஒருவர் வெளிப்படையாகச் சொன்னதன் பங்கு, தொலைக்காட்சித் தொடர்களின் பங்கு, தலைமுறை மாறியதன் பங்கு, நீதிமன்றத்தின் பங்கு எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. செய்தித்தாளை மட்டும் தனியே பிரித்து இவ்வளவு என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. அதேபோல் ஒரு நிருபரின் உள்நோக்கம் பற்றி அவர் வரிகளிலிருந்து தீர்ப்பு சொல்வதையும் தவிருங்கள்.

2015-க்குப் பிறகு கேள்வி வேறு மாதிரி வருகிறது. நாடு முழுவதும் தன்பாலினத் திருமணம் செல்லும் என்ற உச்ச நீதிமன்றத்தின் ஜூன் 26 தீர்ப்பு வந்ததும் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் பத்திரிகை, இனி தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கும் கட்டுரைகளை ஏற்கமாட்டோம் என்று அறிவித்து, வாசகர் எதிர்ப்புக்குப் பின் கொஞ்சம் தளர்த்திக்கொண்டது. எய்ட்ஸ் நோயாளிக்கு எதிரே போதகரை நிறுத்தியது தவறு என்று மேலே சொன்னேன், இதுவும் தவறு என்றே நினைக்கிறேன், காரணம் வேறு. அது உண்மை பற்றியது, இது கருத்து பற்றியது. மாற்றும் சிகிச்சை பலிக்கும் என்று எழுதுபவரை நிறுத்தலாம். என் சபை இத்தகைய திருமணத்தை நடத்தாது, ஏன் என்று சொல்கிறேன் என்பவரைக் கருத்துப் பக்கத்திலிருந்து வெளியேற்றினால் வாசகருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்பது தெரியாமலே போகும். 2018-ல் தன்பாலின இணையரின் திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கொலராடோ கடைக்காரரின் உச்ச நீதிமன்ற வழக்கிலும் ஒரு சறுக்கல். தீர்ப்பு 7-2, ஆனால் அதன் எல்லை குறுகியது. பல தலைப்புகள் கடைக்காரர் நூலிழையில் ஜெயித்தார் என்று படிக்கும்படி அமைந்தன. கெட்ட எண்ணம் தேவையில்லை, சட்ட நிருபர் இல்லாத டெஸ்க் போதும்.

இங்கே நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்கிறேன். தமிழ்ப் பத்திரிகைகளில் ஏஜென்சி காப்பியைக் கீழிருந்து மேலாக வெட்டுவோம், இடம் அப்படி. அமெரிக்கச் செய்தியில் தன்பாலீர்ப்பாளரான போதகரோ, தயங்கும் சபைக்காரரோ, மகனுக்காக மனம் மாறிய தாயோ எப்போதும் கடைசி நான்கு பத்தியில்தான் இருப்பார்கள். நாம் வெட்டுவது அவர்களைத்தான். நம் வாசகருக்கு வந்து சேர்வது ஒரு போராட்டக்காரரும் ஒரு பாதிரியாரும் மட்டும்.

உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு யோசனை. நியூயார்க்கையும் வாஷிங்டனையும் எல்லோரும் எண்ணிவிட்டார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸை எடுங்கள். ஜேம்ஸ் டாப்சனின் ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி என்ற பழமைவாதக் கிறிஸ்தவ அமைப்பு 1991-ல் அந்த ஊருக்கு வந்தது, கொலராடோவின் இரண்டாவது திருத்தத்துக்கான இயக்கமும் அந்த ஊரிலிருந்தே நடந்தது. 1992-ன் கடைசி மூன்று மாதங்களுக்கு அந்த ஊர் நாளிதழையும் டென்வர் போஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆதரவு எதிர்ப்பு என்று எண்ணாமல், பேசியவர் யார், அவருக்கு ஊரில் என்ன வேலை, செய்தியின் எந்தப் பத்தியில் வருகிறார் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். பதவி எதுவும் இல்லாத சபைக்காரர் எத்தனை பேர், பதவி எதுவும் இல்லாத தன்பாலீர்ப்பாளர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களுமே குறைவாக இருக்கும் என்பது என் ஊகம். தவறாக இருந்தால் இங்கேயே வந்து சொல்லுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.